நட்சத்திரம் இல்லாத முத்திரை

முப்பத்தொன்றாம் பிளாக்
கப்பலை விட்டு இறங்கியதும் செய்தி வந்தது:
மேற்புறம் ஒரு கோடு, விலையில் கால்பங்கு பிடித்தம்.
பர்கூரில் தண்ணீர் ஊற்றிப் பார்த்தபோது
அந்தக் கோடு இல்லை.
கடல் கீறியிருக்கும் என்றார் திம்மராயன்.
சாயங்காலம் டீ வந்தபோது சொன்னார்,
"அங்கேயே நம்ம கம்பெனி ஒண்ணு போட்டுடலாம், கணக்கம்மா."

போட்டுடலாம்,
பந்தல் போடுகிற மாதிரி.

அவர் பாஸ்போர்ட் நகலோடு
கிருஷ்ணகிரி கோர்ட்டுக்கு எதிரே நின்றேன்.
நோட்டரி வக்கீல் சாப்பிடப் போயிருந்தார்.
மறுநாள் மை காய்ந்திருந்தது.
அதற்கும் மறுநாள் "சீனாவுக்கா?" என்று
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
அவர் போட்ட பச்சைக் கையெழுத்து
சென்னை போய், டெல்லி போய்,
முதுகில் ஒரு சீட்டு ஒட்டிக்கொண்டு திரும்பியது,
என்னைவிட அதிகம் ஊர் பார்த்துவிட்டு.

ஷியாமெனிலிருந்து லின் யூலான் திரையில் வந்தாள்.
அவள் ஆங்கிலமும் என் ஆங்கிலமும்
சேற்றில் பலகை போட்டு நடந்தன.
திம்மராயா கிரானைட்ஸ் எங்கள் எழுத்தில் நிற்காது என்றாள்.
சாமி பேராச்சே, உடைச்சா கோவிச்சுக்குமா
என்று கேட்கச் சொன்னார் முதலாளி.
கேட்கவில்லை.
ஒரு வாரம் கழித்து மூன்று எழுத்து வந்தது:
தி மெய் லாய்.
நிலம், அழகு, வா.
மெய் என்றால் எங்களுக்கு உண்மை என்றேன்.
பதிவு அலுவலகத்தில் அழகு என்றுதான்
படிப்பார்கள் என்றாள்.

செய்யப்போகும் தொழில்கள் என்று ஒரு கட்டம்.
கல் மொத்த விற்பனை என்று எழுதினோம்.
அறுப்பதையும் சேருங்கள், மெருகிடுவதையும் சேருங்கள்,
எழுதாததைச் செய்தால் வம்பு என்றாள்.
எழுதியதைச் செய்யாமலே இருபது வருஷம் ஓட்டிய
லைசென்சுகள் என் பீரோவில் இருக்கின்றன.

மூலதனத்துக்கு ஐந்து வருஷத் தவணை.
சட்டப் பிரதிநிதி, திம்மராயன்.
மேற்பார்வையாளர் என்று இன்னொரு பெயர் வேண்டுமாம்.
"என் தம்பி ரத்தினவேலுவை எழுதுங்க,
அவன்தானே அங்க போய் யார்டு பாக்கப்போறான்"
என்றாள் முதலாளியம்மா.
திம்மராயன் ஜன்னல் வழியே
காம்ப்ரசரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
அவள் போனதும்,
"உம் பேரையே எழுதும்மா."
மாசம் இருபத்தோராயிரம் சம்பளம்.
நான் பார்க்காத ஊரில்
என் முதலாளியை மேற்பார்வை செய்கிறேன்.

கையெழுத்தை இங்கே யாரும் பெரிதாக எடுக்கமாட்டார்கள்,
முத்திரை யார் கையிலோ கம்பெனி அவர் கையில்
என்றாள் லின், குரலைத் தாழ்த்தி.
"கைநாட்டு காலம் திரும்பிடுச்சு" என்று சிரித்தார்.
பிறகு சிரிக்கவில்லை.
அங்கே இருந்தால் மச்சான் கையில்.
இங்கே இருந்தால் அங்கே பேங்க் திறக்காது.
இருபது டன் கல்லை
இம்மி பிசகாமல் டிரெய்லரில் இறக்கத் தெரிந்தவர்
கட்டைவிரல் அளவுப் பொருளை
எங்கே வைப்பதென்று தெரியாமல்
கூரியர் டப்பாவை என் மேஜையில் வைத்துவிட்டு
குவாரிக்குப் போய்விட்டார்.

உள்ளூர்க் கம்பெனிக்கு வட்டம், நடுவில் நட்சத்திரம்.
வெளியாருக்கு நீள்வட்டம், நட்சத்திரம் கிடையாது.
லின் முன்பே சொல்லியிருந்தாள்.
மை பிடிக்கிறதா என்று
கையில் கிடைத்த எடைச்சீட்டில் அழுத்தினேன்.
சிவப்பாய்,
எனக்கே படிக்க வராத என் கம்பெனி.
சீட்டுக்குக் கை நீட்டிய டிரைவர் கெம்பண்ணன்
"என்னம்மா, மாங்கா முத்திரையா? செந்தூராவா?" என்றார்.
கிழித்துவிட்டு வேறு எழுதியிருக்கலாம்.
பிளாக்கில் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன், கோடு இல்லை
என்று அதன் அடியிலேயே எழுதி
தேதி போட்டு,
வே. மாதம்மாள், மேற்பார்வையாளர்,
கொடுத்துவிட்டேன்.
லாரி சென்னை ரோட்டில் திரும்பியது.

போன் அடித்தது. ரத்தினவேலு.
வெள்ளிக்கிழமை பெங்களூரில் விமானமாம்,
முத்திரை வந்துவிட்டதா என்றார்.

"இன்னும் வரலைங்க."

மெய்தான் சொன்னேன்,
லின்னுடைய அர்த்தத்தில்.